குடா இல்லாத இடத்தில் ஒரு துறைமுகம்

இலங்கைப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதன் மேற்குக் கரையை மேலிருந்து கீழாக ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கற்பிட்டியைத் தாண்டிய பின்னர் காலி வரைக்கும் விரல் பெரிதாக எங்கும் தடுக்காது. சிலாபம், நீர்கொழும்பு, பாணந்துறை, களுத்துறை என்று ஊர்கள் வருமேயொழிய, பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க உள்வளைந்த கடல் ஓரிடத்திலும் வராது. களப்புகளின் வாய்களும் ஆற்று முகங்களும் உண்டு. அவை வள்ளங்களுக்கும் தோணிகளுக்கும் போதும். விரலைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனால் திருகோணமலையில் அது உள்ளே விழுந்துவிடும். கொட்டியாரக் குடாவும் அதன் வடபுறத்து உட்துறையும் நிலத்தைக் குடைந்துகொண்டு போயிருக்கின்றன. ஒரு கடற்படை முழுவதையும் நான்கு பக்கமும் மலை மறைக்க நிறுத்தி வைக்கலாம். நீரும் ஆழம்.

இருந்தும் நாட்டின் துறைமுகம் எது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் கொழும்பு என்றே சொல்லும். திருகோணமலையில் பிறந்த பிள்ளைகூட வேறு விதமாய்ச் சொல்லாது. கொழும்பில் அப்படி என்ன இருந்தது? இருந்ததை முதலில் நோக்குவோம். பிறகு, இல்லாததை எவ்வாறு உண்டாக்கினார்கள் என்று பார்ப்போம்.

கோட்டைப் பகுதியின் மேற்கு ஓரத்தில், இன்றைய கலங்கரை விளக்கம் நிற்கும் இடத்தில், கற்பாறை மூக்கொன்று கடலுக்குள் சற்றே நீண்டிருந்தது. அதைத் தாண்டியதும் கரை கிழக்குப் பக்கமாகத் திரும்பி, மீண்டும் வடக்கே வளைந்து, கொச்சிக்கடை, முகத்துவாரம் வழியாகக் களனி கங்கையின் வாயை அடைகிறது. மூக்கிலிருந்து ஆற்று வாய் வரை ஏறக்குறைய மூன்று மைல். கொழும்புக் குடா என்று ஏடுகளில் எழுதப்பட்டிருப்பது இந்த ஆழமில்லாத வளைவுதான். வட மேற்கே முழுவதும் திறந்து கிடந்த அதனைக் குடா என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். மாலுமிகள் அதை நங்கூரம் போடும் இடம் என்பதற்கு மேலாக மதித்ததில்லை.

இந்த மூக்கின் பயனை விளங்கிக்கொள்ளக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கரையோர மக்கள் ஆண்டைக் காற்றுகளால் பங்கிட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். கொழும்புக்கு அது நிலத்தைக் கடந்து வரும் காற்று. ஆதலால் அக்காலத்தில் மேற்குக் கடல் குளம் போலக் கிடக்கும். வைகாசி பிறந்ததும் சோளகம் எழும். புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து திறந்த சமுத்திரத்தின் அலைகளை அது கரைமீது எறிந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் பாறை மூக்கின் நிழலில், அதன் வடகிழக்குப் பக்கத்தில், சிறிய கலங்கள் ஒதுங்கலாம். பெரிய கப்பல்களுக்கு அங்கே ஆழம் போதாது. அவை வெளியே நின்று ஆட வேண்டியதுதான். கப்பலுக்கும் கரைக்கும் இடையே வள்ளங்கள் போய்வர முடியாத நாட்களில் கொண்டுவந்த அரிசி கப்பலிலேயே கிடக்கும்.

ஒரு நன்மையும் இருந்தது. இலங்கைக் கரைகளில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. பெருக்கு நாட்களிலும் நீர்மட்டம் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை. இங்கிலாந்தின் துறைகளில் கப்பல்கள் நீரேற்றத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் தொல்லை இங்கு எந்நாளும் இருந்ததில்லை.

ஆனால் கொழும்பை வாழவைத்தது கடலைவிட ஆறு என்பேன். சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி வரும் களனி, நாட்டின் மழை மிகுந்த பகுதியை நேரே கடலோடு இணைக்கிறது. கறுவா, பாக்கு, மரம், யானைத் தந்தம் எல்லாம் தெப்பத்திலும் பாதைப் படகிலும் அந்த ஆற்றின் வழியே இறங்கின. ஆற்று வாயில் மணல் திட்டு அடைத்துக்கொண்டு கிடக்கும். பெரிய கலம் நுழைய முடியாது. ஆகவே ஆற்றுக்குப் பக்கத்தில், ஆனால் ஆற்று மணல் எட்டாத தூரத்தில், சிறிது ஒதுக்கிடமும் உள்ள ஓர் இடம் தேவையாயிற்று. பாறை மூக்கின் நிழல் அதற்குப் பொருந்தியது.

அரபு வணிகர் இதைப் பறங்கியருக்குப் பல நூற்றாண்டு முந்தியே கண்டுகொண்டனர். 1344ஆம் ஆண்டில் இவ்வழியே போன மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா, கொழும்பைச் செரந்தீவின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். அங்கே கடலுக்கு அதிபதியான ஒருவன் ஐந்நூறு வரையான அபிசீனியருடன் இருந்தான் என்றும் எழுதுகிறார். பெயரைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. இலை மட்டும் விட்டுக் காய்க்காத ஒரு மாமரத்தினால் ‘கொல அம்ப’ என்று பெயர் வந்ததென 1681இல் வெளியான தம் நூலில் றொபேட் நொக்ஸ் எழுதிவைத்தார். ‘கொலன் தொட்ட’ என்னும் துறையின் பெயரே திரிந்தது என்பார் வேறு சிலர். மாமரக் கதை கேட்க இனிமையானது. எனக்கென்னவோ, துறையின் பெயரே ஊரின் பெயராயிற்று என்பதுதான் இடத்துக்குப் பொருந்துவதாகப் படுகிறது.

போர்த்துக்கேயர் வந்தது 1505இலா 1506இலா என்று ஆய்வாளர் வாதிடுவர். 1518இல் அவர்கள் பாறை மூக்கின் மேலேயே கோட்டை கட்டத் தொடங்கினார்கள் என்பதில் ஐயமில்லை. கோட்டை இராசதானி ஆறேழு மைலுக்குள் இருந்தது. கறுவாவும் அந்தப் பக்கத்துக் காடுகளில்தான். கப்பலுக்கு நல்ல இடம் எது என்று அவர்கள் தேடவில்லை. சரக்குக்கும் அரசனுக்கும் அருகான இடம் எது என்று பார்த்தார்கள். கொழும்பின் வரலாறு முழுவதிலும் இந்த நியாயம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

ஒல்லாந்தர் ஏழு மாதம் முற்றுகையிட்டு 1656 மே மாதத்தில் அதைப் பிடித்தனர். அவர்கள் கடலோடிகள், துறையின் குறையை உடனே அறிந்துகொண்டார்கள். ஆகையால் ஆட்சியைக் கொழும்பில் வைத்துக்கொண்டு, ஐரோப்பாவுக்குப் போகும் பெருங்கப்பல்களைக் காலியில் கூட்டினார்கள். தேசாதிபதி ஓரிடம், கப்பல் ஓரிடம். கொழும்பில் அவர்கள் தங்கள் திறமையைக் காட்டியது உள்நாட்டு நீரில்: வடக்கே நீர்கொழும்பை நோக்கியும் தெற்கே களுத்துறையை நோக்கியும் வாய்க்கால்கள் வெட்டிக் களப்புகளை இணைத்தனர். கடல் கொந்தளித்தாலும் பாதைப் படகுகள் தென்னை மரங்களுக்கிடையே அமைதியாகக் கறுவா ஏற்றிக்கொண்டு வந்தன. கோட்டைக்கு அரணாய் இருந்த பேரை வாவியும் அந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணி. இன்று அதன் நாற்றத்தைத் தாங்கமாட்டாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களுக்கு, ஒரு காலத்தில் அது ஒரு படகுத் தரிப்பிடம் என்பது நம்ப முடியாத செய்தியாய் இருக்கும்.

1796இல் பிரித்தானியர் வந்தனர். அவர்களுக்கும் முதல் ஐம்பது, அறுபது ஆண்டுகள் இந்த ஏற்பாடே போதுமாயிருந்தது. ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் காலியில் தரிக்கும். அங்கிருந்து குதிரை வண்டி தபாலைக் கொழும்புக்குக் கொண்டுவரும். மாற்றத்தைக் கொண்டுவந்தது கோப்பி. கண்டி மலைநாடு முழுவதும் காடழித்துக் கோப்பி நட்டார்கள். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் கொழும்பில் வந்து முடிந்தபோதே துறைமுகத்தின் விதியும் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். ஈராண்டு கழித்து, 1869இல், சுயஸ் கால்வாய் திறந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய பாய்க்கப்பல்கள் போய், செங்கடல் வழியே நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கின. அவற்றுக்கு வழியில் நிலக்கரி வேண்டும். சீனத்துக்கும் ஒஸ்ரேலியாவுக்கும் போகும் கப்பல், ஏடனை விட்டால் அடுத்து நிற்க வசதியான இடம் இந்தத் தீவுதான்.

அப்போது மூன்று துறைகளும் போட்டிக்கு நின்றன. காலியின் குடா அழகானது. ஆனால் வாயிலும் உள்ளேயும் நீருக்கடியில் பாறைகள். நீராவிக் கப்பல்கள் பெருக்கப் பெருக்க அந்தப் பாறைகள் மோசமாய்த் தெரிந்தன. திருகோணமலைக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. பின்னால் இருந்ததுதான் குறை. மலைநாட்டுக்கும் அதற்கும் இடையே உலர்ந்த பெருங்காடும் மலேரியாவும் இருந்தன. அங்கே இறக்குவதற்குக் கோப்பியும் இல்லை, அங்கிருந்து ஏற்றுவதற்கு அரிசி தின்னும் தோட்டங்களும் இல்லை. கொழும்பில் தண்டவாளம் இருந்தது, பண்டகசாலைகள் இருந்தன, வங்கிகள் இருந்தன, தோட்டத் துரைமாரின் ஏசண்டுகள் இருந்தனர். துறைமுகம் மட்டும் இல்லை. அதைக் கட்டிவிடலாம் என்று தீர்மானித்தார்கள்.

வில்லியம் கிறகறி தேசாதிபதியாயிருந்த காலம் அது. கடல் வேலைகளில் பேர்பெற்ற பொறியியலாளர் ஜோன் கூட் திட்டம் வரைந்தார். 1875 டிசம்பர் 8ஆம் திகதி, அப்போது இங்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், முதற் கல்லை வைத்தார். பாறை மூக்கு எங்கே நின்றுபோயிற்றோ அங்கிருந்து சுவர் தொடங்கியது. இயற்கை பாதியில் விட்ட கையை வடக்கு நோக்கி நீட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு அலைதடுப்புச் சுவரின் நீளம் 4,212 அடி. அதை முடிக்க 1885 வரை சென்றது. செலவு ஏழு இலட்சம் பவுண் அளவில் ஆயிற்று.

கடலுக்குள் சுவர் கட்டுவது எப்படி? முதலில் கடலடியில் கருங்கற்களைக் கொட்டி மேடாக்குவார்கள். அது அலையின் விசை குறைந்த ஆழத்தில் நிற்கும். ஏனெனில் அலையின் அடி மேற்பரப்பில்தான் கடுமை, ஆழம் போகப் போக அது தளரும். அந்த மேட்டைச் சுழியோடிகள் இறங்கிச் சமன்செய்வார்கள். அதன்மேல், கரையில் வார்த்துக் காயவைத்த பல தொன் எடையுள்ள கொங்கிறீற் கட்டிகளைப் பாரந்தூக்கியால் ஒவ்வொன்றாய் இறக்கி, ஒன்றோடொன்று சாய்ந்து அழுத்துமாறு அடுக்குவார்கள். நேராக அடுக்கினால் அடித்தளம் சிறிது அமுங்கும்போது சுவர் வெடிக்கும். சாய்த்து அடுக்கினால் கட்டிகள் தாமாகவே வழுகி இறுகும். பாரந்தூக்கி சுவரின் மேலேயே நின்று, தான் போட்ட கல்லின்மேல் தான் முன்னேறிச் செல்லும். வேலை நடப்பது பெரும்பாலும் வாடைக் காலத்தில். சோளகம் எழுந்தால் கருவிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கடலின் சோதனைக்குச் சுவரை விட்டுவிட வேண்டும்.

கல் எங்கிருந்து வந்தது? கொழும்புக்கு வடகிழக்கே மகரையில் கல்மலைகள் உண்டு. அங்கே கல்லுடைப்பதற்கென்றே ஒரு சிறைச்சாலை அமைத்தார்கள். கைதிகள் உடைத்த கல்லைப் புகையிரதம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. இளவரசரின் பெயரும் தேசாதிபதியின் பெயரும் கல்லிலும் நூலிலும் இருக்கின்றன. பொறியியலாளர் கூட்டுக்குச் சேர் பட்டமே உண்டு. பத்தாண்டு காலம் மகரை வெயிலில் சம்மட்டி தூக்கியவர்கள் இன்னார் என்று சொல்லும் ஒரு பலகையும் அந்தச் சுவரில் எங்குமில்லை. அலை சுவரில் மோதி ஆகாயத்துக்கு எழும் காட்சி அந்நாளில் தபாலட்டைகளில் அச்சாகி உலகெங்கும் போனது. அந்தத் தபாலட்டை ஒன்றைக் காணும்போதெல்லாம் அந்தக் கற்களை உடைத்தவர்களின் நினைவே எனக்கு வரும்.

இதில் விதியின் ஒரு வேடிக்கையும் உண்டு. கோப்பிக்காகவே சுவர் தொடங்கியது. அது முடிவதற்குள் இலைத்துரு நோய் கோப்பியை அழித்துவிட்டது. 1885இல் துறைமுகம் தயார். ஏற்றுவதற்குக் கோப்பி இல்லை. நல்லவேளையாகத் துரைமார் அதே மலைகளில் தேயிலை நட்டுவிட்டார்கள். தேயிலை வந்து துறைமுகத்தைக் காப்பாற்றியது என்பதா, துறைமுகம் இருந்ததனால் தேயிலை பிழைத்தது என்பதா? இரண்டும் உண்மையே.

ஒரு சுவர் போதவில்லை. தென்மேற்கு அலையை அது தடுத்தது; வடமேற்கிலிருந்து சுற்றிவரும் அலை உள்ளே புகுந்தது. எனவே வடகிழக்கே கரையிலிருந்து 1,100 அடியில் ஒரு சுவரும், இரண்டுக்கும் நடுவே எந்தக் கரையிலும் ஒட்டாமல் கடலிலேயே தீவாக நிற்கும் 2,670 அடிச் சுவரும் எழுந்தன. சுவர்களுக்கிடையே இரண்டு வாசல்கள். உள்ளே அடைபட்ட நீர்ப்பரப்பு ஏறக்குறைய 640 ஏக்கர். 1912 அளவில் எல்லாம் முடிந்தபோது, கப்பற் தொகையைக் கொண்டு பார்த்தால் கொழும்பு உலகின் முதல் பத்துத் துறைமுகங்களுள் எண்ணப்பட்டது. காலி மெல்ல உறங்கிப் போனது. தபாற் கப்பல்கள் 1880களிலேயே அதை விட்டுவிட்டன.

நமக்கு, அதாவது தமிழ் பேசுவோருக்கு, இந்தத் துறைமுகம் தந்தவற்றையும் கொண்டவற்றையும் எழுதப்போனால் தனி நூலாகும். மலைநாட்டுக்கு வந்த தொழிலாளரில் முன்னைய தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டின் வழியே நடந்து செத்தார்கள். பின்னைய தலைமுறையினரில் பெருந்தொகையினர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார்கள். இறங்கியவர்களை நகரத்துக்குள் விடாமல் றாகமையில் இருந்த தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய் நோய் பார்த்து, பிறகு மலைக்கு ஏற்றினார்கள். கொழும்பின் கடலைத் தவிர அந்த நகரத்தில் வேறொன்றையும் அவர்கள் பார்த்ததில்லை. அதே துறையில் 1897 ஜனவரி 15ஆம் திகதி மேற்கு நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் இறங்கினார். அவரை வரவேற்க ஊரே திரண்டிருந்தது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான அந்தக் குறுகிய கடல்வழிதான் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் போர்க்களம். 1906இல் அவர் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கியபோது, கப்பல் ஓடவேண்டிய மறுமுனை கொழும்பாகவே இருந்தது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது; ஒரு கட்டத்தில் இலவசமாய் ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். கம்பனியும் சிலகாலத்துக்குள் மூழ்கியது. செக்கிழுத்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். அவர் கண்ட கனவின் பாதி கொழும்புக் குடாவில் மிதந்தது என்பதை நினைப்பவர் குறைவு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபக்கமும் புகையிரதமும் இணைந்த பின்னர், தூத்துக்குடி வழியின் பெருமை குறைந்தது. ஆயினும் பாய்மரத் தோணிகள் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தன.

துறைமுகத்துக்குள் வேலை செய்தோர் கதை வேறு. சுவர்கள் இருந்தனவேயொழிய, கப்பல் நேரே வந்து அணையும் மேடைகள் பல பத்தாண்டுகளாக இல்லை. கப்பல்கள் நீர்நடுவே மிதவைகளில் கட்டி நிற்கும். அரிசி மூடையும் நிலக்கரிக் கூடையும் ஆளின் முதுகில் ஏறி, வத்தையில் இறங்கி, கரைக்கு வந்து, மறுபடியும் முதுகில் ஏறும். தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் முஸ்லிம்களும் அந்த வேலையில் கலந்திருந்தனர். கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய இடங்களின் நெருக்கமான தெருக்கள் அந்த மனிதர்களால் நிரம்பின. அங்கே கோயில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் ஒரே காலையில் கேட்கும். 1927இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்தச் சுவர்களுக்குள் அடைபட்ட நீர் முதன்முறையாகத் தன் பலம் என்னவென்று காட்டியது. தீவின் சோறு முழுவதும் அந்த இரண்டு வாசல்களால் வந்துகொண்டிருந்ததல்லவா?

போரும் இந்தக் குடாவுக்கு வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. எச்சரிக்கை கிடைத்துப் பெரும்பாலான கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தன. எஞ்சி நின்றவற்றுள் டெனிடோஸ், ஹெக்டர் என்னும் இரண்டு போர்க்கலங்கள் மூழ்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அதே கதி.

சுதந்திரத்துக்குப் பின் 1950களில் அணைமேடைகள் எழுந்தன. எலிசபெத் மகாராணியார் 1954இல் வந்தபோது அவர் பெயரில் ஒன்று திறக்கப்பட்டது. 1979இல் துறைமுக அதிகார சபை அமைந்தது. 1980களில் கொள்கலன் முனையம் வந்தது. ஓர் இரும்புப் பெட்டி நூறு முதுகுகளின் வேலையைப் பறித்தது. வத்தைகளும் வத்தைக்காரரும் ஒரு தலைமுறைக்குள் மறைந்தனர். இன்று கொழும்பு கையாளும் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதி இந்நாட்டுக்கு உரியவையே அல்ல. பெரிய கப்பலிலிருந்து இறக்கிச் சிறிய கப்பலில் ஏற்றி இந்தியத் துறைகளுக்கு அனுப்பப்படுபவை. தூத்துக்குடிச் சரக்கும் அவற்றுள் உண்டு. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் ஆழ்கடல் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டதிலிருந்து இந்த வருவாய்க்கு அயலில் ஒரு போட்டியாளர் இருக்கிறார்.

640 ஏக்கரும் போதாமற் போயிற்று. பழைய சுவருக்கு வெளியே, தென்மேற்கில், திறந்த கடலிலேயே ஒரு புதிய சுவர் கட்டி 2012இல் முடித்தார்கள். நீர் 18 மீற்றர் ஆழம். 1875இல் கடலின் எல்லை என்று கருதப்பட்ட சுவர் இப்போது துறைமுகத்தின் உள்சுவராகிவிட்டது. அதற்குத் தெற்கே காலி முகத்திடலுக்கு எதிரே, 2014இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டத்தில், கடலடி மணலை வாரியிறைத்து 269 ஹெக்டேயர் நிலம் உண்டாக்கப்பட்டது. இதைக் கேட்டு வியப்போர் உண்டு. நானும் வியந்திருக்கிறேன். ஆனால் மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

மேற்குக் கரையில் மணல் அலையோடு நடக்கிறது. பெரும்பாலும் வடக்கு நோக்கி. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மணல் இப்படி நடந்துதான் கரையை நிரப்புகிறது. கடலுக்குள் ஒரு சுவர் நீண்டால் அந்த நடை தடைப்படும். களனி கங்கையின் மணலை வீடு கட்ட அள்ளியெடுத்தால், சுவருக்கு அப்பால் புதிதாக நிரப்ப வேண்டியதும் குறையும். அப்போது கடல் தனக்கு வேண்டிய மணலை எங்கிருந்து எடுக்கும்? கரையிலிருந்து எடுக்கும். ஆற்று வாய்க்கு வடக்கேயுள்ள உஸ்வெட்டகெய்யாவப் பக்கத்துக் கரைகள் பல காலமாய் அரிக்கப்பட்டு வருகின்றன. கல் போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கடலடியில் மணல் வாரியபோது நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு வந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மீன் முட்டையிடும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும். படம் வரைந்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததா என்பது என் ஐயம்.

பெருந்துறைக்கு அருகே வாழ்வதன் விலை என்ன என்பதை 2021இல் அந்தக் கரை மீண்டும் கண்டது. மே 20ஆம் திகதி, கொழும்புக்கு வடமேற்கே நங்கூரமிட்டு நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. அமிலமும், கோடிக்கணக்கான சிறு பிளாஸ்டிக் மணிகளும் அதில் இருந்தன. பல நாள் எரிந்து ஜூன் மாதத் தொடக்கத்தில் அது மூழ்கியது. வெண்மணிகள் கரை நெடுக முழங்கால் ஆழத்துக்குக் கூடக் குவிந்தன. செத்த ஆமைகள் ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை விதித்தார்கள்; பிடித்த மீனையும் சனங்கள் வாங்கப் பயந்தார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது மகிழ்ச்சி. நாலாண்டுக் காலம் வலையைக் காயவைத்துக்கொண்டு கடன் வாங்கிச் சாப்பிட்டவர் கைக்கு அதில் எவ்வளவு வரும் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. 1857இல் கட்டியது. வடிவம் வரைந்தவர் அந்நாள் தேசாதிபதி வோர்ட் அவர்களின் துணைவியார். 1867 முதல் அதன் உச்சியில் விளக்கேற்றிக் கலங்கரை விளக்கமாகவும் பயன்படுத்தினார்கள். நடுத்தெருவில் கலங்கரை விளக்கமா என்று புதிதாய்க் காண்பவர் சிரிப்பார்கள். அன்று அது கடலுக்குத் தெரிந்தது. பிறகு சுற்றிலும் மாடிகள் எழுந்து வெளிச்சத்தை மறைத்தன. 1952இல் அதை அணைத்துவிட்டு, பாறை மூக்கின்மேல், அலை தெறிக்கும் இடத்தில், சிங்கச் சிலைகள் சூழப் புதிய விளக்கம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் முன்னால் அப்போது கடலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. இப்போது அங்கே நின்று பார்த்தால், ஒரு பக்கம் தெற்கு முனையத்தின் பாரந்தூக்கிகளும் மறுபக்கம் துறைமுக நகரத்தின் மணல்வெளியும் தெரிகின்றன. கடல் அவற்றுக்கு அப்பால் போய்விட்டது.